பதினேழைத் தேடி யாரும் வரவில்லை

பல்கலைக்கழக நூலகத்தில் ஏரி மீன்களைப் பற்றிய ஓர் ஆய்வேடு இருந்தது. அதன் எதிர் அலமாரியில் பழைய ஆய்விதழ் ஒன்றின் பதினேழாம் தொகுதி இருந்தது.

தொகுதிக்கு ஒரே வருத்தம். "ஏரி மீன்களைப் பற்றி என்னிடம் ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பதினோராம் தொகுதியை எடுத்துப் புரட்டுகிறார்கள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்."

ஆய்வேட்டுக்குக் காரணம் தெரியும். அந்தக் கட்டுரை அதன் துணைநூற்பட்டியலில் இருந்தது. ஆனால் தொகுதி பதினொன்று என்று இருந்தது. ஆய்வேட்டை எழுதியவர் இதழைக் கண்ணால் பார்க்காமல், வேறு யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார். சொல்லியிருந்தால் தொகுதிக்கு ஆறுதலாவது கிடைத்திருக்கும். அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த ஆய்வேட்டுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு கோடை விடுமுறையில், பல வருடங்களாக யாரும் எடுக்காத தொகுதிகளைக் கயிற்றில் கட்டி வெளியேற்றினார்கள்.

"நான் யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பதினேழு போனது.

"தப்பு என்னுடையது" என்று ஆய்வேடு வாய் திறந்தபோது வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

காலியான அந்த இடத்தில் புதிய ஆய்வேடு ஒன்றை வைத்தார்கள். அதுவும் ஏரி மீன்களைப் பற்றியதுதான். பழைய ஆய்வேடு தயங்கித் தயங்கிக் கேட்டது: "அந்த மீன் கட்டுரைக்கு எந்தத் தொகுதி என்று போட்டிருக்கிறாய்?"

"பதினொன்று" என்றது புதியது, பணிவாக. "உங்களைப் பார்த்துத்தான் எழுதினேன்."