பொன்னேரிக்காரர்

படகிலிருந்து இறங்கியதும் சிங்காரம் தலைப்பாகையைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் அவன் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி. பொன்னேரி நெல் வியாபாரியின் மகன் என்று வாய் கூசாமல் சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தான். மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவன் என்று தெரிந்தால், மற்ற துபாஷிகளே அவனைக் கோட்டை வாசல் மிதிக்க விடமாட்டார்கள்.

அவன் பிறந்த குப்பம் இந்தத் தீவில்தான் இருந்தது.

அவனாக ஒன்றும் ஆசைப்பட்டு வரவில்லை. புதிதாக வந்திருந்த உல்ரிக் துரையிடம் யாரோ ஒரு புண்ணியவான், ஏரி நடுவே வண்டியோ பல்லக்கோ கிடையாத ஊர் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டான். பார்த்தே தீரவேண்டும் என்று துரை ஒற்றைக்காலில் நின்றார். சேவகன் முதல்நாளே வந்து, துரையும் சிங்காரம் துபாஷியும் வருகிறார்கள் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

துரை மணலில் கால் புதையப் புதைய நடந்தார். குழந்தைபோலச் சிரித்தார்.

சிங்காரத்துக்கு அது பன்னிரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத ஊர். எதிரே வந்த ஒவ்வொரு முகமும் அவனுக்குத் தெரிந்த முகம்.

கூடவே நண்டு பிடித்து வளர்ந்த கண்ணப்பன், வலையை உலர்த்திக்கொண்டிருந்தவன், எழுந்து துரையைக் கும்பிட்டான். பிறகு சிங்காரத்தையும் கும்பிட்டான். அவ்வளவுதான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மீசையும் சரிகைத் தலைப்பாகையும் காப்பாற்றிவிட்டன என்று நினைத்துக்கொண்டான்.

துரைக்குத் தாகம் எடுத்தது. நேராகப் போய் நாகம்மாளின் குடிசை வாசலில் நின்றார். வேறு வீடே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு!

நாகம்மாள் அவனைப் பெற்றவள்.

துரைக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள்: "ஐயாவுக்கு இன்னா ஊரு?"

பொன்னேரி என்றான்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது போலும். அப்படித் தோன்றியதும் அவனுக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. சீ, நானும் ஒரு பிள்ளையா என்று இருந்தது.

துரை பேச ஆரம்பித்தார். கம்பெனிச் சேவகத்தில் இருந்தாலும் அவர் ஒல்லாந்தர் இல்லையாம். ஆல்ப்ஸ் என்கிற பனிமலையில், இதேபோல வண்டி போகாத ஊரில் பிறந்தவராம். அவருடைய அம்மா புல்லுக்கட்டை முதுகில் சுமந்துகொண்டு மலையேறுவாளாம். அவளைப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டதாம், எப்போதும் அவள் ஞாபகம்தானாம். இதையெல்லாம் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. பேசப் பேசக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தாயிடம் இதைச் சொல் என்றார்.

துரை சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதானே துபாஷியின் வேலை.

"எங்கம்மாவப் பார்த்துப் பல வருஷமாச்சும்மா. எப்பவும் அவ ஞாபகந்தான்," என்றான் சிங்காரம்.

நாகம்மாள் துரையைப் பார்க்கவேயில்லை. காலிச் செம்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

கரைக்குத் திரும்பியபோது ஏரித் தண்ணீர் வடிந்து, படகு தூரத்தில் நின்றது. இடையில் முழங்கால் அளவு சேறு. விருந்தாளிகளைத் தோளில் தூக்கிப்போய்ப் படகேற்றுவது ஊர் வழக்கம். துரையைக் கண்ணப்பன் தூக்கிக்கொண்டான். சிங்காரத்துக்கு முன்னால் வந்து குனிந்தவன் தருமன், கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனின் கழுத்துக்கு இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தபோது அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பாதிச் சேற்றில், தலையைத் திருப்பாமல் தருமன் சொன்னான்:

"நேத்தே அம்மா வூடு வூடா போயி சொல்லிட்டு வந்துச்சிடா. யாரும் உன்னத் தெரிஞ்ச மாரி காட்டிக்கக் கூடாது, உன் வேலைக்கு ஆபத்துன்னு."

முன்னால் போய்க்கொண்டிருந்த துரை, கண்ணப்பன் தோளிலிருந்தபடியே திரும்பி, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

சேறு ஆழமாம், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான் என்றான் துபாஷி.