முன்பல்

அக்காவின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்களுக்கு, கருவில் உறுப்புகளை வளர்க்கும் புரதங்களை ஊட்டினால் புத்தி வந்து நல்ல செல்களாகத் திருந்துமா என்று தங்கை ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை கண்ணாடித் தட்டில் ஒரு பல் இருந்தது.

“கட்டியில பல்லு முளைக்கிறது உலகத்துல இல்லாததா?” என்றார் பேராசிரியர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவள் லென்ஸில் பார்த்தாள். ஓரத்தில் சின்ன உடைசல். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அக்கா உடைத்துக்கொண்ட அதே முன்பல். விழுந்தது செல்லுக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, உன் முன்பல்லு…”

“உனக்கெப்படிடி தெரியும்? தூங்கி எழுந்தா காணோம். முழுங்கித் தொலைச்சிட்டேனோ என்னவோ,” என்று அக்கா சிரித்தாள்.

தட்டில் பல்லுக்குப் பின்னால் சிவப்பாக, நாக்கு நுனி போல ஏதோ நெளிந்தது. பேசிக்கொண்டே இருந்த அக்காவுக்கு வாய் குழறத் தொடங்கியது.