ஹஸ்னைன் ஒப்பிக்கிறான்

அமெரிக்காவின் இர்விங் நகரில் ஒரு சார்ட்டர் பள்ளியின் சின்ன அறை. நாலரை வயது ஹஸ்னைன் அட்டைகளைப் பார்த்து மடமடவென்று ஒப்பிக்கிறான். "ரெட். சர்க்கிள். ஆப்பிள்." அவனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவையா என்று சோதிக்கும் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் டிக் போடுகிறாள். ஜன்னல் வெயில் மேசையில் பாதியும் அவன் தலையில் பாதியுமாக விழுகிறது. மளிகைக்கடையில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, இதை ஏதோ நுழைவுத்தேர்வு என்று நினைத்து மூன்று வாரமாக மகனை உருப்போட வைத்த சேக் தாவூத், மனைவியை முழங்கையால் இடிக்கிறார். "பாத்தியா, எம்புள்ள ஃபுல் மார்க்!" மெஹர் நிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஃபுல் மார்க் வாங்கினா ஸ்பீச் கிளாஸ் கெடையாது மச்சான். தாகம்னு கேக்கத் தெரியுதா அவனுக்கு? ஒரு நாளாவது பெத்த தகப்பன் உங்கள 'அத்தா'ன்னு கூப்பிட்டிருக்கானா?" டீச்சர் காகிதங்களை அடுக்குகிறாள். கிளிப் டக்கென்று கவ்வுகிறது. சேக் தாவூத் தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறார், திரும்ப எடுக்கிறார், எழுந்து நிற்கிறார். "மேடம், ஐ டீச். ஆல் கார்ட்ஸ், ஐ டீச் அட் ஹோம். ஹி நோ டாக். ப்ளீஸ், ஒன் மோர் டைம்." அவள் அவரைப் பார்க்கிறாள். அட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்து, பையனிடம் அவன் பெயரைக் கேட்கிறாள். ஏசி மட்டும் இரைகிறது. சொல்லிக்கொடுக்கத் துடிக்கும் தன் வாயைச் சேக் தாவூத் உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார்.