நோஞ்சானும் சீமாட்டியும்

"யாரு பிடுங்கினது? வாயைத் திறந்து சொல்லுங்க! எந்தப் பாவி கை பிடுங்கினது?"

சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில், மேடு முழுக்கக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

அவருடைய ஒரு கையில் நாலைந்து நோஞ்சான்கள் வாடித் தொங்கின. நோஞ்சான் என்பது சங்கத்துக்காரர்கள் அந்தச் செடிக்கு வைத்த செல்லப் பெயர். பார்த்தால் வெறும் புல். பூத்தாலும் கடுகளவுதான் பூக்கும். ஆனால் இந்த மேட்டை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. அதைக் காப்பாற்றத்தான் சங்கமே.

அதன் எதிரிக்குப் பெயர் சீமாட்டி. எங்கிருந்தோ வந்து குடியேறிய களை. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. அழகுக்குக் குறைச்சலில்லை; பக்கத்தில் எதையும் வாழ விடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கூடிப் பிடுங்குவது அதைத்தான்.

இன்றைக்கு யாரோ வேலிக்குள் இருந்த நோஞ்சான்களை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். சீமாட்டி மட்டும் ஜம்மென்று நிற்கிறது!

"இவ்வளவு பெரிய போர்டு வச்சும் கண்ணு தெரியலையா?" இன்னொரு கையிலிருந்த 'அரிய செடி, தொடாதீர்கள்' போர்டை ஆட்டி ஆட்டிக் காட்டினார். "எத்தனை வருஷ உழைப்பு தெரியுமா இது? யாருன்னு தெரியாம ஒருத்தரும் இங்கேயிருந்து நகரக் கூடாது!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தாங்க."

தலைவரின் மனைவி.

அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"நீயா? முப்பது வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியும் புல்லுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியலை! கண்ணை வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்தியா? ஒரு தொட்டிச் செடியை வளர்க்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? இனிமே இந்த மேட்டுப் பக்கம் உன் காலே படக் கூடாது!"

"பாவம், படிச்ச மனுஷன். வாய்ச்சது இப்படி" என்று யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"போதும் மாப்பிள்ளை, நாலு பேர் முன்னாடி..." என்று அவளுடைய அக்கா குறுக்கே வந்தாள்.

"நீங்க தலையிடாதீங்க. உங்க தங்கச்சி செஞ்சது கொலை!"

மனைவி மேட்டை விட்டு இறங்கிப் போனாள்.

மேட்டடியில் இருந்த கொட்டகைக்குப் பின்னால், எரிக்கப் போட்டிருந்த களைக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவளை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதாடி? ஊரே பார்த்துச் சிரிக்குது!"

"வேர் அறுபடாத நோஞ்சான் இருந்தா எடுத்துக் கொடுக்கா. ஈரத்துணியில சுத்தி வைப்போம். ஆண்டவன் மனசு வச்சா ஒண்ணு ரெண்டாவது பிழைக்கும்."

"செடி கிடக்குது செடி! உன் மானம் போச்சேடி!"

"அம்மா..."

திரும்பினார்கள். பஸ் கண்டக்டர். சங்கத்துக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தவர். கண் கலங்கியிருந்தது.

"பிடுங்கினது நான்மா. நீங்க ஏம்மா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

அக்கா வாயைப் பிளந்தாள்.

"போர்டு இருக்கிற செடியை விட்டுட்டு மத்ததைப் பிடுங்குன்னாங்க. போர்டு அந்த மஞ்சப் பூச்செடி காலடியிலதான் நட்டிருந்தது. இதே பூ வெளியிலயும் கிடக்கேன்னு ஒரு சந்தேகம் வந்தது. ஆனா போர்டை நம்பிட்டேன். தலைவர் வந்ததும் முதல்ல போர்டைத்தான் பிடுங்கினார். அப்புறம்தான் சத்தமே போட்டார்."

"களைக்குக் காவலா போர்டு வச்ச புத்திசாலி எவன்?" என்றாள் அக்கா.

தங்கை குவியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் பத்திரிகையிலிருந்து வந்திருந்தாங்க. நோஞ்சான் படத்துல எடுப்பா விழாதுன்னு, என் வீட்டுக்காரர்தான் போர்டைப் பிடுங்கிச் சீமாட்டி பக்கத்துல நட்டுட்டு, பூவோட சேர்ந்து நின்னு படம் எடுத்துக்கிட்டார். திருப்பி நட மறந்துட்டார்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! புருஷன் பேரைக் காப்பாத்தத்தான் இவ்வளவு ஏச்சும் வாங்கினியா? உனக்குக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்!"

தங்கையின் கை நின்றது. இவ்வளவு நேரமும் தலை குனிந்தே இருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அவருக்காக இல்லக்கா. இந்தத் தம்பிக்கு வாரத்துல கிடைக்கிறது ஒரே ஒரு லீவு. அதையும் இந்த மேட்டுக்குக் கொடுக்க வந்தவர். இவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இவரை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேட்டா, மறுபடி இங்கே யார் வருவாங்க? அதான் நான்னு சொன்னேன். சொன்னதும் என் வீட்டுக்காரரே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, 'தப்பு என்மேலதான்'னு சொல்லிடுவார்னு நினைச்சேன்."

"அவர் எப்படிடி சொல்வார்? நீதான் பிடுங்கினேன்னு நம்பியிருப்பார்."

"எப்படிக்கா நம்புவார்? காலையிலிருந்து கொட்டகை வாசல்ல அவர் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்துதான் எல்லாருக்கும் கையுறை கொடுத்துக்கிட்டிருந்தேன். நான் மேட்டுல ஏறினதே அவர் கூடத்தான்!"