முக்கோணப் போர்வை

நீலம், வெள்ளை, கோடு என்று முக்கோணத் துண்டுகளை இணைத்துச் சிவகாமி போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மாடியில் பக்கத்து அறைக்குப் போன வாரம் குடிவந்த பூவம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

“புது மாதிரியா இருக்கே அக்கா. யாருக்கு?”

“புக்கிட் பாஞ்சாங்ல ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. நாளைக்குத் தொட்டில் போடுறாங்க.”

“சொந்தமா?”

“நெருங்கின சொந்தம்.”

“எங்கண்ணன் வீடும் அங்கதான். நாளைக்குப் போறேன்.”

“அப்ப நீயே இதைக் குடுத்துடு.”

“துணியெல்லாம் புதுசாட்டம் இருக்கே?”

“பச்சைப் புள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுல்ல? எல்லாம் எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டைங்க.”

“அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?”

சிவகாமி நூலை வெடுக்கென்று நறுக்கினாள். “அந்தப் புள்ளைன்னா அவருக்கு உசுரு.”

சாயங்காலம் குளித்துவிட்டு வந்த மருதப்பன் அலமாரியைத் திறந்தார். ஒரு சட்டைகூட இல்லை.

“என் சட்டையெல்லாம் எங்கடி? நாளைக்கு நான் போட்டுட்டுப் போக வேணாமா?”

“உங்க மகனுக்குப் போர்வையாயிடுச்சு. பூவம்மா கொண்டுபோய் உங்க ரெண்டாவது பொண்டாட்டிகிட்ட குடுத்துடுவா.”

“இப்ப கழட்டிப் போட்டேனே, அது?”

“அதையும் வெட்டியாச்சு. ஓரத்துக்குத் துணி பத்தல.”

மருதப்பன் ஈரப் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

“மூணு வருஷமா எல்லா ஞாயித்துக்கிழமையும் அவளுக்குத்தான் குடுத்தீங்க,” என்றாள் சிவகாமி, மெஷினை மிதித்தபடி. “நாளைக்கு ஒரு நாள் எனக்கு.”