திறக்காத டின்கள்

காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் சுங்க அதிகாரி குனிந்து, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த டின்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறார். கூரைச் சந்தில் விழும் வெயிலில் தகரம் பளபளக்கிறது. அரக்குச் சாயம் கேட்டதற்கு நீலம் வந்திருக்கிறது. திறக்காமல் திருப்பி அனுப்பினால்தான் கட்டிய சுங்க வரி திரும்பக் கிடைக்கும். “உன் பேர்ல வந்த சரக்கு, தொறக்கலன்னு போட்ட கையெழுத்தும் உன்னுது. ஒண்ணு தொறந்திருந்தாலும் நீதான் உள்ள போவணும்.” “தொறக்கவே இல்ல சார்,” என்கிறார் பட்டறைக்காரர் முனிரத்தினம். அவருக்குத் தெரியாமல் நேற்று ஒரு டின்னைத் திறந்து கொஞ்சம் பட்டுநூலை நனைத்துப் பார்த்த மனைவி ரேணுகாம்பாள், வலது கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொள்கிறாள். கடைசி டின்னுக்கு முன் அதிகாரி நிமிர்ந்து நெற்றியைத் துடைக்கிறார். “கொஞ்சம் தண்ணி குடும்மா.” அவள் இடது கையால் சொம்பை நீட்டுகிறாள். “சாருக்கு இடது கையாலயா குடுப்ப?” என்று முனிரத்தினம் பதறுகிறார். முந்தானையிலிருந்து மெல்ல வெளியே வரும் கை, நகக்கண் வரை நீலமாக இருக்கிறது.