மூன்றாம் தரப்பு

"செத்துப்போன மனுஷனுக்கா நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க?"

அவள் கேட்ட கேள்விக்கு, வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். லைசென்ஸ் அலுவலகத்தின் தகவல் பிரிவு குமாஸ்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"சட்டம் அப்படிம்மா. நீங்க கேட்டிருக்கிறது உங்க வீட்டுக்காரரோட டிரைவிங் லைசென்ஸ் விவரம். ஒருத்தர் விவரத்தை வேற யாராவது கேட்டா, முதல்ல அவர்கிட்ட சம்மதம் கேட்டாகணும்."

"நான் யாராவதா? பொண்டாட்டிங்க!"

"இருக்கலாம். மனுவைப் பொறுத்தவரைக்கும் அவர் மூன்றாம் தரப்பு. ரெக்கார்டுல இருக்கிற விலாசத்துக்கு லெட்டர் போயிடுச்சு. பத்து நாள் பாப்போம். பதில் வரலேன்னா நாங்களே முடிவு பண்ணிடுவோம்."

"அவரு பதில் போடுறதுக்குள்ள நானே அவர்கிட்ட போய்ச் சேர்ந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். படி இறங்கும்போதுதான் அழுகை வந்தது.

ஏழு வருடங்களுக்கு முன்பு வெள்ளத்தில் பாலத்தோடு சேர்ந்து லாரியும் போனது. மூன்றாம் நாள் லாரி கிடைத்தது, ஐந்தாம் நாள் கிளீனரின் உடல் கிடைத்தது. ஓட்டிப் போன அவள் கணவன் மட்டும் கிடைக்கவில்லை. பதினெட்டு நாள் ஆற்றங்கரையிலேயே கிடந்தவளை அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழும் இல்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தை உயிருடன் உள்ளாரா?' என்று ஒரு கேள்வி. மகள் பேனாவோடு அவள் முகத்தையே பார்த்தாள். கட்டத்தைக் காலியாகவே விட்டார்கள்.

"அவர் இறந்துட்டதா கோர்ட் அறிவிக்கணும்னா அழுகை ஆகாதும்மா, காகிதம் வேணும்" என்றார் வக்கீல். "டிரைவர் உசுரோட இருந்தா லைசென்ஸைப் புதுப்பிக்காம இருப்பாரா? புதுப்பிக்கலைன்னு அந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மனு.

நோட்டீஸ் எப்படியும் தன் வீட்டுக்குத்தானே வரும், தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தையல் மெஷினை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைத்தபடியே தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். எது எதுவோ வந்தது. அது மட்டும் வரவில்லை.

"அதையும் தொலைச்சிருப்பாங்க" என்றாள்.

மகள் தினமும் காலையில் மனு எண்ணைப் போனில் தட்டிப் பார்ப்பாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"அதேதாம்மா. மூன்றாம் தரப்பின் பதிலுக்காக நிலுவை."

பதினோராம் நாள் மகள் போனோடு மெஷின் பக்கம் வந்தாள். போனை அப்படியே நீட்டினாள். 'மனு நிராகரிக்கப்பட்டது.'

தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நான் என்ன ராணுவ ரகசியமா கேட்டேன்? புதுப்பிக்கலைன்னு ஒத்தை வரி. அதை எழுதக்கூட உங்களுக்குக் கை வரலியா?"

குமாஸ்தா அலுப்போடு ஃபைலை எடுத்துப் பிரித்தார். "நாங்க என்னம்மா பண்றது? ஆட்சேபம் வந்திருக்கு. விவரம் எதையும் உங்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"எனக்குத் தெரியும், என் கொழுந்தன் வேலை!" அவள் குரல் உடைந்தது. "என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற வீடு எனக்கு வந்துடக்கூடாதுன்னு நிக்கிறாரு. அவரு யாரு ஆட்சேபிக்க? என் புருஷன் சாவுல கூட எனக்கு உரிமை இல்லியா?"

குமாஸ்தா ஃபைலைப் புரட்டினார். கடைசித் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அவள் மனுவில் இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடியும் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரலைங்க நான். எழுதினது யாருன்னு சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரரேதாம்மா."